நோயின் இருப்பிடம் தேடிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ

நோயை மட்டுமன்றி நோயின் முதலையும் நாடுமாறு பணித்தார் வள்ளுவர். நோய் உடலில் எங்குக் குடிகொண்டுள்ளது என ஆராய்வதும் அப்பணியின் ஒரு கூறேயாம். அவ்வாராய்ச்சிக்குத் தம் வாழ்நாளை ஈந்தவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ச்சோ.

1821ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் பொமரேனியாவில் பிறந்த அவர், பெர்லினில் மருத்துவம் பயின்று 1843இல் பட்டம் பெற்றார். 1848இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அதனை ஆராய அரசு அவரை அனுப்பியது. மக்களின் வறுமையும் ஆட்சியின் புறக்கணிப்புமே அக்கொடுமைக்கு வேர் என அவர் அஞ்சாது எழுதினார். அவ்வாண்டுப் புரட்சியிலும் பங்கு கொண்டார். 1849இல் பெர்லினை விட்டு வூர்ஸ்பர்க் சென்றவரை, 1856இல் பெர்லினே மீண்டும் அழைத்துக்கொண்டது.

நோயின் இருப்பிடம் உறுப்பு என்றார் இத்தாலியரான மார்கானி. திசு என்றார் பிரெஞ்சுக்காரரான பிஷா. உயிரணுவே என நிலைநாட்டினார் விர்ச்சோ. உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்பதை ராபர்ட் ரீமாக் முன்னரே கண்டிருந்தார். அவ்வுண்மையை நோயியலின் அடித்தளமாக்கியது 1858இல் வெளிவந்த விர்ச்சோவின் நூல்.

1887இல் அவருக்கு ஒரு சோதனை நேர்ந்தது. பட்டத்து இளவரசர் பிரெடரிக்கின் தொண்டையிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆய்ந்த விர்ச்சோ, அவற்றில் புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்றார். மறு ஆண்டு அரியணை ஏறிய பிரெடரிக், 99 நாட்களே ஆண்டு அந்நோயால் மறைந்தார். துணுக்கில் கண்டதை மட்டுமே விர்ச்சோ உரைத்திருந்தார். நோயோ வேறிடத்தில் இருந்திருக்கலாம்.

1902இல் விர்ச்சோ மறைந்தார். அவர் தொடங்கிய தேடல் இன்று உயிரணுவின் உள்ளேயே புகுந்துள்ளது. பீட்டா கேட்டினின் என்னும் புரதம், நலமான பெருங்குடல் உயிரணுவில் சவ்வை ஒட்டி நின்று அணுக்களைப் பிணைக்கின்றது. புற்றுக்கட்டிகள் பலவற்றிலோ உட்கருவினுள் குவிந்து, கட்டுக்கடங்காத வளர்ச்சியைத் தூண்டுகின்றது. ஆற்றில் ஓடி ஊரை வாழ்விக்கும் நீரே ஊருக்குள் புகுந்தால் அழிப்பதை நாம் அறிவோம், புரதமும் அத்தகையதே. அஃது இருக்குமிடத்தைக் கொண்டு நோயாளியின் பின்விளைவை முன்னறிய மருத்துவர் முயல்கின்றனர். ஆய்வுகள் அனைத்தும் ஒரே முடிவைத் தரவில்லை எனினும், வீரியமிக்க மருந்து எவர்க்குத் தேவை எனத் தெளிய இத்தகைய அறிகுறிகள் துணையாகலாம்.

இளவரசரின் துணுக்கு உணர்த்திய பாடத்தை மாணவச் செல்வங்கள் மறவாதிருக்க விழைகின்றோம். எது உள்ளது என்பதோடு எங்கே உள்ளது என்பதையும் கண்டபின்னரே முடிவு கூறல் அறிவுடைமையாகும்.