ரொட்டியைச் சந்தேகித்த மருத்துவர்

கோதுமை உணவு சிலரின் உடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவர்களில் ஒரு பிரிவினருக்கு இருப்பது சீலியாக் நோய். அதைக் கண்டறிய மருத்துவர்கள் இன்று முதலில் செய்வது ஓர் இரத்தப் பரிசோதனைதான். ஆனால், ஒரு நூற்றாண்டுக்கு முன்பு இந்த நோய்க்குக் காரணம் கோதுமை என்பதே யாருக்கும் தெரியாது. அதை உலகிற்கு நிரூபித்துக் காட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே.

டிக்கே 1905ஆம் ஆண்டு டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். லைடன் நகரில் மருத்துவம் படித்தார். பின்னர் ஹேக் நகரில் குழந்தை மருத்துவத்தில் பயிற்சி பெற்றார். 1936இல், தமது 31ஆவது வயதிலேயே, அந்நகரின் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமை மருத்துவரானார்.

அவருடைய வார்டுகளில் இருந்த சில குழந்தைகளின் நிலை பரிதாபமானது. வயிறு உப்பியிருக்கும், கைகால்கள் குச்சியாய் மெலிந்திருக்கும். எவ்வளவு சாப்பிட்டாலும் வயிற்றுப்போக்கில் சத்தெல்லாம் வீணாகும். வளர்ச்சி நின்றுவிடும். பல குழந்தைகள் இறந்தும் போயினர். சாமுவேல் ஜீ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1888இலேயே இந்நோயைத் தெளிவாக விவரித்து, உணவுமுறையால்தான் இது குணமாகும் என்று கூறியிருந்தார். ஆனால் எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. 1924இல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ், வாழைப்பழத்தை முக்கிய உணவாகக் கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று எல்லாரும் நம்பினர். ரொட்டியைத் தவிர்த்ததுதான் உண்மையான மருந்து என்பது யாருக்கும் தோன்றவில்லை.

டிக்கேவுக்கு அந்தச் சந்தேகம் எழுந்தது. தன் பிள்ளைக்கு ரொட்டி கொடுப்பதை நிறுத்தியதும் உடல்நிலை தேறியதாக ஒரு தாய் சொன்ன செய்திதான் அவரைச் சிந்திக்க வைத்தது என்று கூறப்படுகிறது. 1930களிலேயே அவர் கோதுமை இல்லாத உணவைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். 1941இல் அதைப் பற்றி டச்சு மொழியில் ஒரு கட்டுரையும் எழுதினார். அப்போது நெதர்லாந்து ஜெர்மானியப் படைகளின் பிடியில் இருந்தது. அக்கட்டுரை வெளியுலகின் கவனத்தைப் பெறவில்லை.

பின்னர் வந்தது 1944ஆம் ஆண்டின் குளிர்காலம். ஜெர்மானியர்கள் உணவு வரத்தைத் தடுத்ததால் மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. டச்சு மக்கள் இன்றும் அதைப் 'பசிக் குளிர்காலம்' என்றே அழைக்கின்றனர். ஏறக்குறைய 20,000 பேர் மாண்டனர். ரொட்டி கிடைக்காத மக்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கையும் சர்க்கரைக் கிழங்கையும் தின்று உயிர் பிழைத்தனர்.

ஊரே மெலிந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், சீலியாக் குழந்தைகளின் உடல்நிலை தேறியது! போர் முடியும் தறுவாயில் ரொட்டி மீண்டும் கிடைக்கத் தொடங்கியது. ஊரே மகிழ்ந்தது, அந்தக் குழந்தைகளோ மறுபடியும் நோயில் விழுந்தனர்.

பஞ்சத்தின்போது தற்செயலாக நிகழ்ந்த கண்டுபிடிப்பு என்று பலரும் இதைச் சொல்வதுண்டு. உண்மையில், டிக்கே பல ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருந்த கேள்விக்குப் பஞ்சம் ஒரு சாட்சியாக வந்தது. கேள்வி மனத்தில் இல்லாதவருக்கு அந்தச் சாட்சி கண்ணில் பட்டிருக்காது.

ஆனால், ஒரு பஞ்சத்தை மட்டும் காட்டி மருத்துவ உலகை நம்ப வைக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். சில குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். கோதுமையை நிறுத்தியபோதும் மீண்டும் கொடுத்தபோதும் அவர்களின் எடையும் வளர்ச்சியும் எப்படி மாறின என்று பதிவு செய்தார். இதுவே 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வு. உயிர்வேதியியலாளர் வான் டி காமர், குழந்தை மருத்துவர் வெயர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, குழந்தைகளின் மலத்தில் செரிக்காமல் வெளியேறும் கொழுப்பையும் அளந்தார். கோதுமையும் ரை தானியமும் கொடுத்தால் கொழுப்பு கூடியது. அரிசியும் சோளமும் கொடுத்தால் குறைந்தது. கோதுமையின் மாவுச்சத்து தீங்கு செய்யவில்லை. குளூட்டன் என்னும் புரதமே குற்றவாளி என்பதும் தெளிவானது. 1952இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஆய்வாளர்களும் இதை உறுதிப்படுத்தினர்.

1957இல் உட்ரெக்ட்டின் வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனைக்கு டிக்கே தலைமையேற்றார். 1962இல், 57ஆவது வயதிலேயே காலமானார்.

குளூட்டன் உடலுக்குள் என்ன செய்கிறது என்பது அவர் மறைவுக்குப் பிறகே தெளிவாகப் புரிந்தது. இந்நோய் உள்ளவர்களின் நோயெதிர்ப்பு அமைப்பு, குளூட்டனை எதிர்க்கப் புறப்பட்டுத் தன் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. அப்போது ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தோன்றுகின்றன. அவை நம் திசுவிலுள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியைக் குறிவைப்பதை 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இன்றைய இரத்தப் பரிசோதனை தேடுவது அந்த எதிர்ப்பொருளைத்தான். அது தென்பட்டால், பெரும்பாலும் சிறுகுடலின் திசுவையும் எடுத்துப் பார்த்து நோயை உறுதி செய்கிறார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் படிப்படியாகக் குறைந்து மறைந்துவிடும். பசிக் குளிர்காலத்தில் குழந்தைகள் தேறியதுபோல, இரத்தமும் நோயில்லாததுபோல் தோன்றும். வயிற்றுக்கோளாறு என்றதும் இணையத்தில் படித்துவிட்டு ரொட்டி சானாயையும் மீயையும் நாமாகவே ஒதுக்கிவிட்டு, அதன் பிறகு பரிசோதனைக்குச் சென்றால் முடிவு நம்மை ஏமாற்றக்கூடும். முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பரிசோதனை முடியும்வரை வழக்கமான உணவையே உண்ண வேண்டும்.

நிறுத்திப் பார்ப்பது, திரும்பக் கொடுத்துப் பார்ப்பது, ஒவ்வொன்றையும் அளந்து எழுதி வைப்பது. டிக்கேயிடம் இருந்த கருவிகள் இவ்வளவுதான். சந்தேகத்தை உண்மையென்று நிரூபிக்க அவருக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தப் பொறுமையின் பலனாகவே, எங்கோ ஒரு குழந்தை இன்று சரியான உணவை உண்டு நலமாக வளர்கிறது.