பாடகர் கியூ சாக்கமோட்டோ

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் வாழும் இளைஞருள் சிலர் இந்நாளில் ஜப்பானியக் காதற் பாடல்களைக் கைப்பேசி வாயிலாகக் கேட்டு மகிழ்கின்றனர். அம்மொழியில் ஒரு சொல்லேனும் அறியாதார் அப்பாடல்களில் என்ன சுவை காண்பர் என்று மூத்தோர் வினவுகின்றனர். தமிழையே சிறப்புப் பாடமாகக் கற்கும் எம்மை நோக்கி அவ்வினா சற்று உரத்தே எழுவதில் வியப்பில்லை. வாதஞ் செய்தலினும் ஒருவர் வரலாற்றை எடுத்துரைத்தலே தக்க விடையாகும் எனக் கருதி, ஜப்பானிய இளைஞர் பாடலுக்கு உலகின் செவியைத் திறந்துவிட்ட கியூ சாக்கமோட்டோ என்பாரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஜப்பான் பெரும்போரில் இறங்கிய அதே வாரத்தில், 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள், டோக்கியோவை அடுத்த காவசாக்கி என்னும் தொழில் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் துறைமுகத்தில் சரக்கேற்றி இறக்கும் தொழில் நடத்தியவர். அக்குடும்பத்தில் அவர் ஒன்பதாம் பிள்ளை. 'கியூ' என்பதற்கு ஜப்பானிய மொழியில் ஒன்பது என்றே பொருள். எட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் தேடிக் களைத்த பெற்றோர் ஒன்பதாவதற்கு எண்ணையே இட்டு அமைந்தனர் போலும்! போர் முற்றியபோது தாயார் குழந்தையுடன் தம் பிறந்த ஊராகிய கசாமாவிற்குச் சென்று தங்கினார். குண்டு விழாத அச்சிற்றூரிலேயே கியூவின் இளம்பருவம் கழிந்தது. அவ்வூரில் பழமையான இனாரி கோயில் ஒன்று உண்டு. அதனைப் பின்னர் மீண்டும் குறிப்போம்.

போரில் தோற்ற நாட்டில் வென்றவரின் படை தங்கியது. படையுடன் வானொலியும் இசைத்தட்டும் வந்தன. பள்ளியில் பயின்ற கியூ, அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியைப் போலப் பாடியும் ஆடியும் நண்பரை மகிழ்வித்தார். 1958-இல் மேடையேறினார். சின்னாளில் 'பாரடைஸ் கிங்' என்னும் குழுவிற் சேர்ந்தார். 1960-இல் அவருக்குப் பெயர் தேடித் தந்தது 'யா முஸ்தபா' என்ற எகிப்திய மெட்டிற்கு ஜப்பானியச் சொற்கள் இட்ட பாடலே. அதன் தலைப்பிற்குத் துயருற்ற அறுபது வயதினன் என்பது பொருள். பாடியவருக்கோ பத்தொன்பது நிரம்பவில்லை. இவ்வாறு அமெரிக்கர் போன்ற குரலும் எகிப்தியர் மெட்டும் கொண்டு புகழ் பெற்றாரேனும், அவர்தம் நாட்டிற்கே உரிய பாடல் அதுவரை அவருக்கு வாய்த்திலது.

1961-இல் அது வாய்த்தது. நெய்வேலியில் ஆண்டுக்கணக்காக மண்ணகழ்ந்து பழுப்பு நிலக்கரிப் படுகையை முதன்முதல் கண்டதும் அவ்வாண்டிலேயே ஆகும். ஊர்ப்பற்று மிகுதியால் இதனை இடையிற் செருகினோம், படிப்போர் பொறுப்பாராக. 'உயே ஓ முயிதே அருக்கோ' என்பது அப்பாடலின் பெயர். மேல்நோக்கி நடப்போம் என்று அதனைத் தமிழிற் கூறலாம். சொற்களை எழுதியவர் ரொக்குசுக்கே எய். இசையமைத்தவர் ஹச்சிடாய் நக்கமுரா. ரொக்கு என்பது ஆறு, ஹச்சி என்பது எட்டு, கியூ என்பது ஒன்பது. ஆதலின் இம்மூவரையும் ஆறு எட்டு ஒன்பது என்றே மக்கள் வேடிக்கையாக அழைத்தனர்.

அப்பாடலின் செய்தி எளியது. தனியே இரவில் நடக்கும் ஒருவன், கண்ணீர் கீழே சிந்தாதிருக்கும்பொருட்டு முகத்தை வானோக்கி உயர்த்திக் கொள்கின்றான். அவ்வளவே. அவன் ஏன் அழுகின்றான்? பாடல் கூறவில்லை. காதலி ஒருத்தி குறிக்கப்படுகின்றிலள். பிரிவு என்னுஞ் சொல்லும் இல்லை. அங்ஙனமாயினும் கேட்ட இளைஞர் யாவரும் அதனைக் காதற் பிரிவின் பாட்டாகவே கொண்டனர். உண்மையிலோ எய் அதனை எழுதியது வேறொரு துயரினால். அமெரிக்காவுடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து 1960-இல் மாணவரும் தொழிலாளரும் இலட்சக்கணக்கில் தெருவில் நின்றனர், உடன்படிக்கை நிறைவேறிற்று, அவர்கள் தோற்றனர். அத்தோல்வியின் மனச்சோர்வே பாட்டாயிற்று.

துயரின் காரணத்தை மறைத்ததனால் பாட்டு குறையுற்றதா? நிறைவுற்றது என்பதே எம் துணிபு. அகத்திணைப் பாட்டில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் விதி. நெடுநல்வாடை முழுதும் பிரிந்தாளொருத்தியின் துயரைப் பாடினும், வேலில் வேப்பந்தழை கட்டியதாக வரும் ஒரு குறிப்பு பாண்டியனைக் காட்டிவிட்டமையால், அதனைப் புறம் என்றனர் உரைகாரர். வகுப்பிற் கேட்டபோது அது மிகக் கடுமையான விதியாகவே எமக்குத் தோன்றிற்று. பெயரில்லாத துயரத்துள் எவரும் புகுந்து அமரலாம் என்பதனைக் கியூவின் பாடலே எமக்கு விளக்கிற்று.

பாடிய முறையையும் கூறல் வேண்டும். கியூ ஒவ்வோர் எழுத்தையும் உடைத்தும் நீட்டியும், விக்கலைப் போன்ற ஒரு துடிப்புடன் பாடினார். பிரெஸ்லியைப் பயின்ற பழக்கம் அது. தம் சொற்களை இப்படிச் சிதைப்பதா என்று எய் முதலிற் சினந்தாராம். ஆயினும் அழுகையை அடக்குபவன் குரல் அவ்வாறன்றி வேறெவ்வாறு வரும்? போதாக்குறைக்கு இடையிலே சீழ்க்கையும் அடிக்கின்றார். சீழ்க்கையடிப்பவன் மகிழ்வாயிருக்கின்றான் என்று உலகம் எண்ணட்டும் என்பது போல அஃது ஒலிக்கின்றது.

இனி, அப்பாடல் கடல் கடந்த கதை. ஆங்கில நாட்டு இசைத்தட்டு நிறுவனத் தலைவர் ஒருவர் அதனை ஜப்பானிற் கேட்டு, கென்னி பால் என்பாரின் குழுவைக் கொண்டு குரலின்றி வாசிப்பித்தார். ஜப்பானியத் தலைப்பு நாவில் வாராதென்று 'சுக்கியாக்கி' என்று பெயரிட்டனர். அஃது யாதெனின், இறைச்சியும் காய்கறியும் சேர்த்துக் கொதிக்கவைத்து உண்ணும் ஓர் உணவு! கண்ணீர்ப் பாட்டிற்குக் குழம்பின் பெயர். நம் சோகப் பாடல் ஒன்றிற்கு அயலார் சாம்பார் என்று பெயரிட்டால் நாம் பொறுப்போமோ? அமெரிக்காவில் கியூவின் குரலோடு கூடிய தட்டும் அப்பெயராலேயே வெளிவந்து, 1963 ஜூனில் அந்நாட்டுப் பட்டியலின் முதலிடத்தை எய்தி மூன்று வாரம் நின்றது. முழுதும் ஜப்பானிய மொழியில் அமைந்த வேறொரு பாடல் இன்றளவும் அவ்விடத்தை அடைந்ததில்லை. போர் முடிந்து பதினெட்டு ஆண்டே ஆகியிருந்தது. பகைவர் மொழியென்று வெறுத்த அமெரிக்கரின் பிள்ளைகள் அம்மொழிப் பாட்டைப் பொருளறியாமலே பாடித் திரிந்தனர். நெய்வேலி மூத்தோரின் வினாவிற்கு இதனினும் தெளிந்த விடை எம்மிடம் இல்லை.

அவர்தம் ஏனைய பாடல்களுள் மூன்றை மட்டும் கூறுவோம். நாளை என்பதொன்று உண்டு என்னும் கருத்துடைய பாடல் 1963-இல் வந்தது. புகைவண்டி நிலையத்தில் நாள்தோறும் ஒரு பெண்ணுக்காகக் காத்து நின்று, வாய் திறக்கத் துணிவின்றி, நாளை பார்ப்போம் என்று தேறிக்கொள்ளும் மாணவனைப் பற்றியது. அம்மாணவனை எம் வகுப்பிலும் அறிவோம். இரவு வானத்து விண்மீனைக் காணச் சொல்லும் பாடலோ, பகலில் உழைத்து இரவிற் பள்ளி செல்லும் இளைஞரைப் பற்றிய இசை நாடகத்திற்காக எழுந்தது. சுரங்கத்தில் இரவுமுறை வேலைக்குச் செல்வோர் உள்ள வீடுகளில் அதற்கு உரை வேண்டா. மூன்றாவது, மகிழ்வாயின் கைகொட்டுவோம் என்னும் 1964-ஆம் ஆண்டுப் பாடல். அதன் மெட்டை நம் ஓய்வுநாட் பள்ளிச் சிறுவர் அனைவரும் ஆங்கிலச் சொற்களோடு அறிவர். ஜப்பானியச் சொற்களை அமைத்தவர், கிறிஸ்தவ வாலிபர் சங்க முகாமிற்காகப் பிலிப்பைன்ஸ் சென்ற ரிஹித்தோ கிமுரா என்னும் மாணவர். ஜப்பானியப் படையால் துன்புற்ற அந்நாட்டிலே அவர் அம்மெட்டைக் கேட்டார்.

1971-இல் நடிகை யுக்கிக்கோ கஷிவாகியைக் கியூ மணந்தார். பிற்காலத்தில் புதிய பாடகர் பலர் எழ, அவர் பட்டியல்களிலிருந்து மறைந்தார். அதனை வீழ்ச்சி என்பாரும் உளர், யாம் உடன்படோம். ஹொக்கைடோவில் உடற்குறையுடையோர்க்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்காக நடத்தியது அக்காலத்திலேயே ஆகும்.

1985 ஆகஸ்டு 12-ஆம் நாள் மாலை, டோக்கியோவிலிருந்து ஒசாக்கா நோக்கிச் சென்ற வானூர்தியில் அவர் ஏறினார். ஏழாண்டுகளுக்கு முன் செம்மையாகப் பழுது பார்க்கப்படாத பின்சுவர் பிளந்தது. வால் சிதைந்து, வழிப்படுத்த இயலாமல் அரைமணி நேரம் அலைந்த ஊர்தி, குன்மா மாநிலத்து மலையில் மோதியது. இருந்தோர் 524 பேர்; பிழைத்தோர் நால்வரே. கியூவிற்கு வயது நாற்பத்து மூன்று. அவருடலை அடையாளங் காட்டியது கழுத்தில் அணிந்திருந்த பதக்கம். அது கசாமா இனாரி கோயிலினது.

அப்பாடலுக்கு 1981-இல் அமெரிக்கக் குழு ஒன்று ஆங்கிலச் சொற்கள் இட்டுப் பாடிற்று. அதில் காதலும் பிரிவும் வெளிப்படையாகவே பேசப்படுகின்றன. இனிய பாடலே, எனினும் வேப்பந்தழை கட்டிய வேல் எமக்கு நினைவு வருகின்றது. 2011-இல் ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அழித்தபோது, பாடகரும் நடிகரும் பலர் கூடிப் பாடியது பழைய ஜப்பானியச் சொற்களையே. காவசாக்கியில் கெய்க்கியூ இரயில் நிலையத்தில் வண்டி வரவை அறிவிக்க அம்மெட்டையே ஒலிக்கின்றனர்.