உலகம் பிறந்த தேதியைக் கணக்குப் போட்ட பேராயர்: யார் இந்த ஜேம்ஸ் அஷர்?

கி.மு. 4004, அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய நாள் பொழுது சாய்ந்ததும் உலகம் தொடங்கியது. இப்படி ஒரு தகவல் இன்று வாட்ஸ்அப்பில் வந்தால் பலரும் சிரிப்பு எமோஜி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால், இதைச் சொன்னவர் பொழுதுபோகாமல் எண்ணிப் பார்த்தவர் இல்லை. அயர்லாந்து திருச்சபையின் தலைமைப் பேராயர், 17-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பெரிய படிப்பாளிகளில் ஒருவர். பெயர் ஜேம்ஸ் அஷர்.

இரண்டாகப் பிளந்த குடும்பம்

1581-ல் டப்ளினில் பிறந்தவர். அவருக்கு எழுத்தறிவித்தது பார்வையில்லாத உறவுப் பெண்கள் இருவர் என்று சொல்வார்கள். பைபிளின் பெரும்பகுதி அவர்களுக்கு மனப்பாடமாம். 13 வயதில், அப்போதுதான் திறந்திருந்த டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார்.

வீட்டுக்குள்ளேயே மதச் சண்டை இருந்தது. தந்தையின் உறவில் புராட்டஸ்டன்ட் பேராயர் ஒருவர். தாய்மாமன் ரிச்சர்ட் ஸ்டானிஹர்ஸ்டோ கத்தோலிக்க எழுத்தாளர். எந்தச் சபை பழையது, எது உண்மையானது என்பதுதான் அன்றைய அயர்லாந்தில் உயிர்போகிற கேள்வி. இதற்குப் பதில் தேடி ஆதித் திருச்சபைத் தந்தையரின் நூல்கள் அத்தனையையும் படித்தே தீருவது என்று 20 வயதில் முடிவெடுத்தார். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடிக்க 18 ஆண்டுகள் ஆயின.

1625-ல் ஆர்மா பேராயரானார். படிப்பு விசாலம், மனசும் அப்படியே இருந்தது என்று சொல்ல முடியாது. மறு ஆண்டே, கத்தோலிக்கர்களுக்கு வழிபாட்டு உரிமை தருவது பாவம் என்று அறிவித்த ஆயர்களில் இவரும் ஒருவர்.

கணக்கு எங்கே இடித்தது?

உலகத்தின் வயதைக் கண்டுபிடிப்பது அன்று கேலிக்குரிய வேலை இல்லை. இங்கிலாந்துத் துறவி பீட் கி.மு. 3952 என்றார். பிரெஞ்சு அறிஞர் ஸ்காலிஜர் கி.மு. 3949 என்றார். கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்தான். எல்லாருக்கும் முன்னால் இருந்தது ஒரே பைபிள். அப்படியிருந்தும் விடை ஏன் மாறியது?

தொடக்கம் எளிதாகத்தான் இருக்கும். ஆதாமுக்கு 130 வயதில் சேத் பிறந்தான், சேத்துக்கு 105 வயதில் ஏனோஸ் பிறந்தான் என்று ஆதியாகமம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கூட்டிக்கொண்டே வந்தால் நோவாவின் வெள்ளம் 1,656-ம் ஆண்டில் வரும். ஆனால், இது எபிரேய மூலத்தில். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பை எடுத்தால் ஆதாமுக்கு 230, சேத்துக்கு 205. பல தலைமுறைகளில் இப்படி ஏறி ஏறி, உலகத்தின் வயதே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கூடிவிடும். அஷர் எபிரேயப் பாடத்தையே பிடித்துக்கொண்டார்.

அடுத்த சிக்கல் ஆபிரகாம். தேராகு 70 வயதில் மூன்று பிள்ளைகளைப் பெற்றான் என்று ஒரு வசனம் சொல்கிறது. மூன்று பேரில் மூத்தவர் ஆபிரகாமா? தேராகு இறந்தது 205 வயதில். அப்பா இறந்த பிறகு ஆபிரகாம் ஆரானைவிட்டுக் கிளம்பினார் என்கிறது புதிய ஏற்பாடு. அப்போது அவருக்கு 75. அப்படின்னா அவர் பிறந்தபோது தேராகுக்கு 130 இருந்திருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் 60 ஆண்டு வித்தியாசம்! அஷர் 130 என்று எடுத்துக்கொண்டார்.

ராஜாக்கள் காலத்துக்கு வந்தால் தலைசுற்றும். யூதாவுக்கு ஒரு வரிசை, இஸ்ரவேலுக்கு ஒரு வரிசை. ஆட்சிக்காலங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அதற்குப் பிறகு, ஆதாமில் தொடங்கிய கணக்கைக் கி.மு. ஆண்டோடு இணைக்க பைபிளுக்கு வெளியே ஒரு கொக்கி வேண்டும். அது பாபிலோனில் கிடைத்தது. யூதாவின் ராஜா யோயாக்கீன் சிறைப்பட்ட 37-வது ஆண்டில், நேபுகாத்நேச்சாருக்குப் பின் அரியணை ஏறியவன் அவரை விடுவித்தான். நேபுகாத்நேச்சார் இறந்தது கி.மு. 562 என்பது பிற பழைய ஆதாரங்களிலிருந்து தெரியும். அங்கே மாட்டினார் கொக்கியை.

சரி, அக்டோபர் எப்படி வந்தது? யூதர்களின் ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்கும். இரவும் பகலும் சமமாகும் நாளை வானியல் அட்டவணைகளில் தேடி, அதையொட்டி வந்த ஞாயிறைப் பிடித்தார். ஏன்னா, ஏழாம் நாள் சனிக்கிழமை ஓய்வுநாள் என்றால் முதல் நாள் ஞாயிறுதானே!

இதில் சந்தேகத்துக்கும் இடம் உண்டு. இயேசுவின் பிறப்பு இந்தக் கணக்கில் மிகச் சரியாக 4,000-ம் ஆண்டில் வந்து விழுகிறது. உலகம் ஆறாயிரம் ஆண்டு நீடிக்கும் என்ற நம்பிக்கை அன்று பரவலாக இருந்தது. விடையை மனதில் வைத்துக்கொண்டுதான் கணக்கைப் போட்டாரோ என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆறாயிரம் 1997 அக்டோபரில் முடிந்தும் போனது.

கொள்ளை போன பெட்டிகள்

1640-ல் இங்கிலாந்து போனவர் திரும்பவே இல்லை. மறு ஆண்டு அயர்லாந்தில் கலகம். பிறகு இங்கிலாந்திலேயே உள்நாட்டுப் போர். 1645-ல் மகளுடன் வேல்ஸ் பகுதியில் பயணம் செய்தபோது ஒரு கூட்டம் வழிமறித்துப் பெட்டிகளை உடைத்தது. உள்ளே பொன் இல்லை. புத்தகங்களும், பல்லாண்டு உழைப்பில் எழுதிய குறிப்புகளும்தான். தாள்கள் ஆளுக்கொரு பக்கம் போயின. 64 வயது மனிதர் உடைந்துபோனார். அந்தப் பகுதிப் பெரியவர்களும் பாதிரியார்களும் ஊர் ஊராகக் கேட்டு வாங்கி, பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

1649-ல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்படுவதை லண்டனில் ஒரு வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்க்கப்போய், கோடாரி இறங்கும் முன்பே மயங்கினார். அடுத்த ஆண்டு லத்தீனில் வெளிவந்ததுதான் அந்தப் பெரிய காலவரிசை நூல். எகிப்து, பாரசீகம், கிரேக்கம், ரோம் என்று அன்று தெரிந்த உலக வரலாறு முழுவதையும் கோத்த புத்தகம் அது. படைப்பின் தேதி அதில் ஆரம்ப வரிகள் மட்டுமே.

1656 மார்ச்சில் இறந்தார். வெள்ளம் வந்த ஆண்டாக அவர் கணக்கிட்டதும் அதே எண்தான்! அரசரின் ஆதரவாளரான இந்தப் பேராயரை, அரசரைக் கொன்ற தரப்பின் தலைவர் குரோம்வெல் அரசு மரியாதையுடன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய வைத்தார்.

ஓரத்தில் ஏறிய தேதி

1701-ல் வெளியான ஆங்கில பைபிள் பதிப்பில் அஷரின் கணக்கை ஒட்டிய ஆண்டுகளைப் பக்க ஓரத்தில் அச்சிட்டார்கள். அங்கேதான் வினை. ஓரத்தில் இருந்த எண்ணும் வேதத்தின் பகுதி மாதிரியே தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. பாறைகளை ஆராய்ந்த புவியியலாளர்கள் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் இதை உடைக்கத் தொடங்கியபோது, ஓர் அறிஞரின் கணக்கு தப்பு என்பதோடு அது நிற்கவில்லை. பைபிளே தப்பா என்ற சண்டையாக மாறியது. 1925-ல் அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர் மீது நடந்த வழக்கில், வழக்கறிஞர் டாரோ இந்த 4004-ஐ வைத்தே எதிர்த்தரப்பைக் குடைந்தார்.

இதற்கிடையே, காலை 9 மணி என்று நேரமும் சேர்த்து அஷர் தலையில் கட்டிவிட்டார்கள். அந்த ஒன்பது மணி கேம்பிரிட்ஜ் அறிஞர் ஜான் லைட்ஃபுட் எழுதியது. அவருடைய கணக்கே வேறு.

1956-ல், அஷர் இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து, விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்த கிளேர் பேட்டர்சன் பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று வெளியிட்டார். அஷருக்காகப் பரிந்து பேச ஒருவர் வந்தது 1991-ல். பரிணாமக் கொள்கைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடிய ஹார்வர்டு அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட் அவர். விடை தவறு, ஆனால், தன் காலத்தின் சிறந்த ஆதாரங்களைக் கொண்டு நேர்மையாகப் போட்ட கணக்கு அது என்று ஒரு முழுக் கட்டுரையே எழுதினார்.

அஷர் சேர்த்த சுமார் 10,000 புத்தகங்கள், அவர் 13 வயதில் நுழைந்த டிரினிட்டி கல்லூரிக்கே போய்ச் சேர்ந்தன.