தலைநகருக்குத் தண்ணீர் தந்த கட்டடக் கலைஞர் மிமார் சினான்

இஸ்தான்புல் நகரைக் கடல்வழியாக அணுகுவோரின் கண்களை முதலில் கவர்வன, அதன் குன்றுகளின் மீது எழுந்து நிற்கும் குவிமாடங்களும் மினாராக்களுமே ஆகும். உஸ்மானியப் பேரரசின் தலைநகருக்கு அத்தோற்றத்தை வழங்கியோருள் முதன்மையானவர் சினான். கட்டடக் கலைஞர் எனப் பொருள்படும் மிமார் என்ற சொல் அவரது பெயருடன் பிரிக்கவியலாதவாறு இணைந்துவிட்டது. எனினும், ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்த அவரது அரச சேவையை வெறும் குவிமாடங்களால் அளவிட முடியாது.

அனத்தோலியாவின் கைசேரி நகருக்கு அண்மையிலுள்ள ஆகிர்னாஸ் கிராமத்தில், 1490 ஆம் ஆண்டளவில், கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர் சினான். கிறிஸ்தவக் குடும்பங்களின் சிறுவர்களையும் இளைஞர்களையும் அரச சேவைக்குத் திரட்டும் அக்கால முறையின் கீழ் அழைத்துச் செல்லப்பட்ட அவர், இஸ்லாத்தைத் தழுவி ஜானிசாரிப் படையில் இணைந்தார். பெல்கிரேட், பக்தாத் எனப் பல படையெடுப்புகளில் பங்கேற்றார். 1538 இல் மோல்டேவியப் படையெடுப்பின்போது புரூட் ஆற்றின் மீது சில நாட்களிலேயே பாலம் அமைத்து, படை கடந்து செல்ல வழிசெய்தார். அதற்கு அடுத்த ஆண்டளவில், ஐம்பது வயதை நெருங்கிய நிலையில், சுல்தான் சுலைமான் அவரைத் தலைமைக் கட்டடக் கலைஞராக நியமித்தார்.

அப்பதவி அரண்மனைக்கு மட்டும் உரியதன்று. கட்டுமானங்களை மேற்பார்வை செய்வது, வீதிகளை ஆக்கிரமிக்கும் கட்டடங்களைத் தடுப்பது, தீ பரவாதிருக்க விதிக்கப்பட்ட ஆணைகளை நடைமுறைப்படுத்துவது என நகரின் அன்றாட வாழ்வுடன் பின்னிப்பிணைந்த பொறுப்புகளும் அவரைச் சார்ந்தன.

அவற்றுள் தலையாயது தண்ணீர்ப் பிரச்சினையாகும். பெருகிவந்த மக்கள் தொகைக்குப் பழைய நீர்வழிகள் போதவில்லை. நகருக்கு வடக்கேயுள்ள காட்டு ஊற்றுகளிலிருந்து நீரைக் கொண்டுவரும் கிர்க்செஷ்மே திட்டத்தை 1554 அளவில் சினான் ஆரம்பித்தார். தண்ணீர் பெருகினால் வெளியூர் மக்கள் தலைநகரில் வந்து குவிவர் என்ற அச்சம் அரச உயர்மட்டத்திலேயே நிலவியது. ஆயினும் சுல்தானின் ஆதரவுடன் பணி தொடர்ந்தது. 1563 இல் ஏற்பட்ட பெருவெள்ளம் பல வருட உழைப்பைச் சிதைத்தது. அப்போது எழுபது வயதைக் கடந்திருந்த சினான் தளரவில்லை. சிதைந்தவற்றை மீண்டும் கட்டியெழுப்பினார். சுமார் 36 மீற்றர் உயரமான மாலோவா நீர்ப்பாலம் அவரது உறுதிக்குச் சான்றாகும். தெருமுனைக் குழாய்களில் ஏழை எளியோரும் நீர் பெற்றனர்.

1550 முதல் 1557 வரை எழுப்பப்பட்ட சுலைமானியா பள்ளிவாசலிலும் இதே நோக்கைக் காணலாம். தொழுகை மண்டபத்தைச் சூழ மத்ரசாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கு உணவளிக்கும் கூடம் என்பன அமைந்தன. முன்னாள் தலைநகரான எதிர்னேயின் செலிமியா பள்ளிவாசலையே தமது உன்னதப் படைப்பாக அவர் கருதினார். புதியன படைத்த அவர், பழையதையும் பேணினார். 1573 அளவில், ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த ஹாகியா சோபியாவை ஒட்டியிருந்த வீடுகளை அகற்றி, அதன் சுவர்களுக்கு வலுவூட்டும் பணி அவரது வழிகாட்டலில் நடைபெற்றது.

மூன்று சுல்தான்களின் ஆட்சியில் பணியாற்றி, முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டுமானங்களுடன் தொடர்புபட்ட சினான், 1588 இல் பதவியிலிருந்தவாறே காலமானார். சுலைமானியாவின் மதிலுக்கு வெளியே, தெருமுனையில், தாமே அமைத்த எளிய கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அதன் முனையில் வழிப்போக்கர்களுக்கான சிறு நீர்த்தாரை ஒன்றும் உண்டு. ஒரு தலைநகரின் பெருமை அதன் கோபுரங்களின் உயரத்தில் மட்டுமன்றி, சாதாரண குடிமகனின் தாகம் தீர்வதிலும் தங்கியுள்ளது என்பதை நகர்களைத் திட்டமிடுவோருக்கு அது இன்றும் நினைவூட்டுகிறது.