உயிராற்றலின் நாணயம்

கூரத்து வயலில் நாற்று நடும் கைக்கும், மிதிவண்டியில் பள்ளிக்கு விரையும் மாணவியின் காலுக்கும் ஆற்றல் தருவது ஒரே பொருள்தான். உணவிலிருந்து கிடைக்கும் குளுக்கோசு செல்லின் சைட்டோபிளாசத்தில் முதலில் பிளவுறுகிறது. பின்னர் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிசனின் துணையோடு முற்றிலும் சிதைந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றலின் ஒரு பகுதி ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில் சேர்கிறது. செல் தன் பணிகளுக்குச் செலவிடும் நாணயம் அதுவே. அந்நாணயத்தைக் கண்டறிந்தோருள் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ்.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 சனவரி 12 ஆம் நாள் இவர் பிறந்தார். வறுமைக்கிடையே திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தார். அறுவைக்கூடத்திலும் அதனைக் கைவிடவில்லை. ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானதால், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. உடன்பிறந்தோரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்த துயரம், நோய்களுக்கு மருந்து காணும் வேட்கையை அவருள் வளர்த்தது.

1923 இல் பாஸ்டன் நகரை அடைந்த அவர், மருத்துவமனையில் இரவுப் பணியாளராக உழைத்துக்கொண்டே ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, குருதியில் உள்ள பாஸ்பரசை அளவிடும் முறையை 1925 இல் வெளியிட்டார். அம்முறையே அடுத்த கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது. தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பதை 1927 இல் இருவரும் அறிவித்தனர். 1929 இல் ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமனும் அதனைக் கண்டறிந்தார். தசையின் இயக்கத்துக்கு லாக்டிக் அமிலமே அடிப்படை என்ற கொள்கை இதன்பின் வலுவிழந்தது.

எனினும், ஆர்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940 இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலம், புற்றுநோய்க்கான மெத்தோட்ரெக்சேட், யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் ஆகியவை அவர் வழிநடத்திய ஆய்வுகளால் உலகுக்குக் கிடைத்தன. தமிழக ஊர்களில் யானைக்கால் நோயைத் தடுக்க வழங்கப்பட்ட மாத்திரையும் அம்மருந்தே.

தாயகம் திரும்பாமலே 1948 ஆகஸ்டில், 53 ஆம் வயதில் அவர் மறைந்தார். 1995 இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தாழ்ந்த சான்றிதழோடு கடல் கடந்தவரின் அறிவு, பட்டத்தால் அளக்க இயலாத உயரத்தை எட்டியது.