கடாரங்கொண்ட இராஜேந்திர சோழன்

சோளகம் எழும்பினால் அடுத்த தீவுக்குப் போவதே எழுவைதீவு மக்களாகிய எமக்குப் பெரும்பாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெரும் படையையே கடல் கடத்திய மன்னனின் வரலாறு எம்மவர் அறியவேண்டியதாகும்.

இராஜராஜ சோழனின் மைந்தனாகிய இராஜேந்திரன் 1014இல் அரசுரிமை பெற்றான். ஈழத்தின் வடபகுதியைத் தந்தை முன்னரே வென்றிருந்தான். மகனின் படை 1017ஆம் ஆண்டளவில் தெற்கே உரோகணம்வரை சென்று, ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. முன்னோனாகிய பராந்தகன் தேடியும் கிடைக்காத பாண்டியர் மணிமுடியும் அகப்பட்டது. மகிந்தன் சோழநாட்டிலேயே உயிர்நீத்தான். விகாரைகள் கொள்ளையிடப்பட்டதையும் சூளவம்சம் கூறுகின்றது. அதனை மறைத்தல் ஆகாது.

1025இல் அவனது கப்பற்படை வங்கக்கடலைத் தாண்டி, சுமாத்திரா, மலாயாக் கரைகளிலிருந்த ஸ்ரீவிஜயத் துறைமுகங்களைத் தாக்கிக் கடாரத்தரசனைச் சிறைசெய்தது. எனினும் அந்நாடுகளை அவன் நிலையாக ஆளவில்லை. சீனத்துக்கான வணிக வழியே நோக்கம் என்பர் ஆய்வாளர் பலர். 1044இல் அவன் மறைந்தான்.

கங்கைகொண்ட சோழபுரத்துச் சிவாலயம் இன்றும் அவன் புகழைச் சொல்லி நிற்கின்றது. வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்லும் அவனது மெய்க்கீர்த்தியிலோ, காற்றறிந்து பாய் விரித்த கடலோடி ஒருவரின் பெயரேனும் இல்லை. கடலை நம்பி வாழும் நாம், மன்னனோடு அவர்களையும் நினைந்து வணங்குவோமாக.