தூதுப் பணியே வாழ்வாகக் கொண்ட மகா கிரகோரியார்

உலகினின்று ஒதுங்கி இறைவனை நினைந்திருத்தல் சிறந்ததா, உலகின் நடுவே நின்று மக்கள் துயர் துடைத்தல் சிறந்ததா என்னும் வினா எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. அவ்வினாவை ஏட்டில் மட்டுமன்றித் தம் வாழ்விலும் எதிர்கொண்டு, வானதூதர் பற்றிய கிறிஸ்தவக் கொள்கையில் அதற்கு விடை கண்ட பெரியார் ஒருவர் உளர். அவரே கத்தோலிக்கத் திருச்சபையின் பாப்பரசராய் விளங்கிய முதலாம் கிரகோரியார். 'மகா' என்னும் அடைமொழி பெற்ற மிகச் சில பாப்பரசருள் இவர் ஒருவர்.

கி.பி. 540-ஆம் ஆண்டையொட்டி, உரோமாபுரியின் செல்வக் குடியொன்றில் கோர்தியானுஸ், சில்வியா என்போருக்கு இவர் மகவாய்த் தோன்றினார். அந்நாளைய உரோமை பழம்பெருமை குன்றிய நகரம். நெடுங்காலப் போர்களால் மக்கள் தொகை அருகியிருந்தது. 568-இல் லொம்பார்தியர் இத்தாலியுட் புகுந்தபின் அச்சமும் பஞ்சமும் பெருகின. இத்தகைய நகருக்கு 573-ஆம் ஆண்டளவில் கிரகோரியார் ஆட்சித் தலைவரானார். ஆயினும் பட்டும் பதவியும் அவர் உள்ளத்தை நிறைவிக்கவில்லை. பின்னர் அனைத்தையும் துறந்தார். செலியன் குன்றின்மீதிருந்த தம் குடும்ப மாளிகையையே புனித அந்திரேயா பெயரால் துறவு மடமாக்கினார். சிசிலித் தீவிலிருந்த தம் நிலங்களைக் கொண்டு ஆறு மடங்களை நிறுவினார். அம்மடத்தில் கழிந்த அமைதியான நாட்களைப் பிற்காலத்தில் அவர் எண்ணி எண்ணி ஏங்கியதுண்டு. கரையை விட்டு நடுக்கடலில் அலைக்கப்படும் மரக்கலம் போன்றது தம் நிலையென்று வருந்தி எழுதினார்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. 579-இல் இரண்டாம் பெலாஜியு பாப்பரசர் இவரைத் தம் தூதராகக் கொன்ஸ்தாந்திநோபிள் நகருக்கு அனுப்பினார். பேரரசரின் அவையில் ஆண்டுகள் சில கழித்தும், உடன் வந்த துறவியரோடு யோபு ஆகமத்தை ஆராய்வதை அவர் விட்டாரில்லை. அவ்வாராய்ச்சியே பின்னர்ப் பெருநூலாக விரிந்தது.

உரோமைக்குத் திரும்பிய சில ஆண்டுகளில் பேரிடர் சூழ்ந்தது. 589-இல் திபேர் ஆறு கரைபுரண்டு தானியக் களஞ்சியங்களை அழித்தது. தொடர்ந்து கொள்ளைநோய் பரவியது. 590-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெலாஜியுவும் அந்நோய்க்கு இரையாயினார். மக்களும் குருமாரும் ஒருமுகமாகக் கிரகோரியாரைத் தேர்ந்தெடுத்தனர். அவரோ, இத்தேர்வை ஏற்க வேண்டாமெனப் பேரரசருக்கு மடல் விடுத்தார். நகரத் தலைவர் அதனை இடைமறித்து நிறுத்திவிட்டார்.

பேரரசரின் இசைவு வருமுன்னரே அவர் மக்களை ஏழு குழுக்களாக வகுத்து, நகரின் பல கோயில்களினின்றும் மன்றாட்டுப் பாடி ஊர்வலமாய் வரச் செய்தார். ஒரு நாழிகைப் போதில் எண்பது பேர் ஊர்வலத்திலேயே வீழ்ந்து மாண்டனர் என்று அக்காலத்து வரலாற்றாசிரியரான தூர் நகரத்துக் கிரகோரியார் எழுதி வைத்துள்ளார். ஏதிரியன் பேரரசரின் கல்லறைக் கோட்டை உச்சியில் மிக்கேல் அதிதூதர் தோன்றித் தம் வாளை உறையிலிட்டார் என்றும், அத்துடன் நோய் தணிந்தது என்றும் இடைக்கால மரபு கூறும். இதுபற்றியே அக்கோட்டை வானதூதர் கோட்டை எனப் பெயர் பெற்றது. அதன் உச்சியில் இன்று நிற்கும் வெண்கலச் சிலை 18-ஆம் நூற்றாண்டினது.

590, செப்டம்பர் 3-ஆம் நாள் கிரகோரியார் பாப்பரசராகத் திருநிலை பெற்றார். உடல்நலமோ மிக நலிந்தது. வயிற்று நோயும் முடக்குவாதமும் அவரை நீங்கவில்லை. குரல் எழாத நாட்களில் அவர்தம் மறையுரையைப் பிறர் படித்துக் காட்டினர். 591-ஆம் ஆண்டளவில், வேனில் வெப்பத்தால் நெடுநாள் பேச இயலாதிருந்தபின் அவர் நிகழ்த்திய மறையுரை ஒன்று வானதூதர் கொள்கைக்குப் பெருந்தூணாக அமைந்தது.

தூதரென்பது தொழிலின் பெயரே, இயல்பின் பெயரன்று என்பதை அவருக்கு முன்னரே புனித அகுஸ்தீனார் விளக்கியிருந்தார். கிழக்கு நாடுகளில் கி.பி. 500-ஐ ஒட்டித் தியோனீசியு பெயரால் வழங்கிய நூல் வானவரை ஒன்பது அணிகளாக வகுத்திருந்தது. வானதூதரையே தெய்வமெனத் தொழும் மயக்கம் கூடாதென 4-ஆம் நூற்றாண்டின் லவோதிக்கேயா சங்கம் விலக்கியிருந்தது. இம்மரபின் வழிநின்ற கிரகோரியார், எளிய மக்களுக்கு விளங்குமாறு அதனை உரைத்தார். சிறு செய்திகளை அறிவிப்போர் தூதர். பெருஞ் செய்திகளை அறிவிப்போர் அதிதூதர். மிக்கேல் என்பது இறைவனுக்கு நிகர் யாவர் என்றும், கபிரியேல் என்பது இறைவனின் வலிமை என்றும், இரபேல் என்பது இறைவனின் மருந்து என்றும் பொருள்படும் பெயர்கள். அவை அவரவர் செய்த பணியையே சுட்டும்.

அத்துடன் அவர் நிற்கவில்லை. கேட்போர் ஒவ்வொருவரும் தாம் எந்த அணியைச் சேரத் தக்கவர் என்று தம்மையே ஆராய வேண்டுமென்றார். அறிந்தது சிறிதேயாயினும் அதனை உடன்பிறந்தார்க்கு ஓயாது அறிவிப்பவன் தூதரோடு எண்ணப்படுவான். தன் உள்ளத்து வேட்கைகளை அடக்கி ஆள்பவன் அதற்கு மேலான அணியைச் சேர்வான். இறையன்பால் எரிபவன் பக்தி சுவாலகரோடு சேர்வான். தூதரென்பார் இறைவனை முகமுகமாய்க் காண்பவர்; மண்ணுலகிற்கு ஏவப்படும்போதும் அக்காட்சியை இழப்பதில்லை; எங்கே சென்றாலும் இறைவனுக்குள்ளேயே செல்கின்றனர் என்பது அவர் கண்ட மற்றோர் உண்மை. தியானமும் தொண்டும் ஒன்றையொன்று அழிக்கும் பகைகள் அல்ல என்னும் விடையை, மடத்தை இழந்து ஏங்கிய அத்துறவி இங்ஙனம் கண்டார்.

கண்டவாறே வாழவும் முயன்றார். 593-இல் லொம்பார்திய வேந்தன் அகிலுல்ப் உரோமையை முற்றுகையிட்டபோது, கை துண்டிக்கப்பட்டு மீண்டவர்களைக் கண்டு நெஞ்சுருகித் தாம் நிகழ்த்திவந்த விரிவுரையை நிறுத்தினார். நகரைக் காக்கும் பொறுப்பைத் தாமே மேற்கொண்டார். சிசிலி நிலங்களின் அதிகாரிகளுக்கு எழுதிய மடல்களில், பெரிய மரக்காலால் அளந்து குடியானவரை வஞ்சித்தலாகாதெனக் கண்டித்தார். நாள்தோறும் பன்னிரு ஏழைகளுக்குத் தம் மேசையில் உணவளித்தார் என்றும், ஒருநாள் பதின்மூன்றாமவராய் வானதூதர் ஒருவர் வந்தமர்ந்தார் என்றும் மரபு கூறும். ஏழையொருவன் தெருவில் இறந்து கிடந்தானெனக் கேட்டு, தாமே அவனைக் கொன்றாற் போல எண்ணிச் சில நாட்கள் பூசை நிறைவேற்றாது வருந்தினார் என்று 9-ஆம் நூற்றாண்டில் அவர் வரலாற்றை எழுதிய யோவான் என்பவர் கூறுகின்றார்.

உரோமைச் சந்தையில் விற்பனைக்கு நின்ற வெண்ணிறச் சிறுவரைக் கண்டு, அவர்தம் இனப்பெயர் 'ஆங்கிலி' எனக் கேட்டு, இலத்தீனில் வானதூதரைக் குறிக்கும் 'ஆங்கெலி' என்னும் சொல்லை அவர் நினைந்த கதையைப் பேதா என்னும் துறவி 731-இல் முடித்த தம் நூலில் கூறுகின்றார். 596-இல் தம் மடத்துத் தலைவர் அகுஸ்தீனாரையும் துறவியரையும் அந்நாட்டிற்கு அனுப்பினார். அவர்கள் வழியில் அஞ்சித் தயங்கினர். கிரகோரியார் ஊக்கமூட்டி மீண்டும் அனுப்பினார். 597-இல் அவர்கள் கெந்து நாட்டை அடைந்தனர்.

இறந்தோர்க்காக முப்பது நாள் தொடர்ந்து பூசை ஒப்புக்கொடுக்கும் கத்தோலிக்க வழக்கமும் இவர் பெயரால் வழங்குகின்றது. யுஸ்து என்னும் மடத்துத் துறவி மூன்று பொற்காசுகளை ஒளித்து வைத்திருந்தார். கிரகோரியார் அவரை இறக்குந் தறுவாயில் தனித்திருக்கச் செய்து, இறந்தபின் அக்காசுகளோடு குப்பைமேட்டில் புதைப்பித்தார். பின்னர் மனமிரங்கி முப்பது நாள் பூசை செய்வித்தார். நிறைவு நாளில் இறந்தவர் தம் உடன்பிறந்தார்க்குத் தோன்றித் துயர் நீங்கிற்றென்று தெரிவித்தாராம். கண்டிப்பும் இரக்கமும் அவரிடம் ஒருங்கே இருந்தமைக்கு இதுவே சான்று. கிரகோரியன் இசையும் அவர் பெயரையே தாங்குகின்றது. ஆயினும் அது பிற்காலத்தில் வளர்ந்து உருப்பெற்றதென அறிஞர் கருதுவர்.

வானதூதரைத் தமிழ்க் கத்தோலிக்கர் சம்மனசுகள் என்பர். தூதர், அதிதூதர், பலவத்தர், சத்துவகர், பிராதமிகர், நாதகிருத்தியர், பத்திராசனர், ஞானாதிக்கர், பக்தி சுவாலகர் எனப் பழைய தமிழ்ச் செபங்களில் பயிலும் ஒன்பது பெயர்களும், அன்று உரோமையில் கிரகோரியார் எண்ணிக் காட்டிய அணிகளே.

இறை ஊழியர்க்கு ஊழியன் என்னும் பட்டத்தையே விரும்பிய இப்பெரியார் 604, மார்ச் 12-ஆம் நாள் மறைந்தார். 800-க்கும் மேற்பட்ட மடல்கள் எஞ்சியுள்ளன. அவற்றுள் பல பிறர் துயரையும் பிறர் கணக்கையும் பற்றியவை. விரும்பிய தனிமை கிடையாதொழியினும், ஏவிய பணியில் இறைவனை மறவாது நின்றவர் கிரகோரியார். சிறகின்றியும் தூதராகலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.